ஸ்டோர்ஸ் எல்லாவற்றையும் துறந்த விதம்

பொருள் சேர்த்தவர்கள் பலரை நான் அறிவேன். பொருளைத் துறந்தவர்களின் பெருமையை விடியல்தோறும் பாடியும் வருகிறேன். ஆனால் துறக்கத் துறக்க வீடு நிரம்பிக்கொண்டே போன மனிதர் இந்தப் பெங்களூர் மாநகரத்தில் ஒருவரே ஒருவர்தான். அவர் வாழ்ந்தது அடுகோடியில், நான் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில். பெயர் ஸ்டோர்ஸ்.

அது பெற்றோர் வைத்த பெயரன்று. ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில், அதாவது திருகாணி முதல் துடைப்பம் வரை அனைத்தையும் பூட்டி வைத்து வழங்கும் பண்டக அறையில், முப்பத்து நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தவர். அறையின் பெயர் நாளடைவில் அதன் காவலர்மேல் ஏறி அமர்ந்துகொண்டது. பால் அட்டையில் ஸ்டோர்ஸ். சலவைக்காரர் துணியில் இட்ட குறியிலும் ஸ்டோர்ஸ். கோயிலில் அர்ச்சகர் ஒருமுறை ‘ஸ்டோர்ஸ் நாமதேயஸ்ய’ என்று சங்கல்பம் செய்ததை நான் என் இரு செவிகளாலும் கேட்டேன். இறைவன் அருச்சனையை ஏற்றுக்கொண்டான் என்றே நம்புகிறேன்.

பண்டக அறையில் அவர் போற்றிய விதி ஒன்றே: பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது. எரிந்துபோன பல்பைக் கொடுத்தால் புதுப் பல்பு; தேய்ந்த துடைப்பத்தைக் கொடுத்தால் புதுத் துடைப்பம். தொழிற்சாலைகள் பலவற்றில் உள்ள விதிதான். மற்ற இடங்களில் அது விதி, இவரிடத்தில் வேதம். கை கழுவச் சோப்புக் கேட்டு வந்த பொறியாளர் ஒருவரிடம் பழைய சோப்பைக் கேட்டார். கரைந்துவிட்டது என்றார் பொறியாளர். கரைந்ததற்குச் சான்று கேட்டார் இவர். வெகுண்ட பொறியாளர் இரு கைகளையும் இவர் மூக்குக்கு நேரே நீட்டினார். ஸ்டோர்ஸ் நிதானமாக முகர்ந்து பார்த்துத் திருப்தியுற்று, ‘மணம் மட்டும் திரும்பப் பெறப்பட்டது’ என்று சீட்டில் எழுதிக்கொண்ட பின்னரே புதுச் சோப்பை வழங்கினாராம்.

பணி ஓய்வு விழாவில் பொது மேலாளர் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார். ஸ்டோர்ஸ் மேடையிலேயே தம் மணிக்கட்டிலிருந்த பழைய கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டுத்தான் புதியதைத் தொட்டார். அதை என்ன செய்வதென்று விளங்காத பொது மேலாளர், நன்றியுரை முடியும்வரை ஏலம் விடுபவரைப்போல அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றாராம். ஸ்டோர்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. கொடுக்கப் பழையது இல்லாமல் முதன்முறையாகப் பெறுகிறவருக்கு அவ்விதியில் வழியில்லாமற்போனது காரணமாக இருக்கலாம்.

சனிக்கிழமை மாலைதோறும் எங்கள் தெரு சிவன் கோயிலின் பின்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பதிகம் ஓதுகிறோம். ஸ்டோர்ஸ் அங்கே தவறாமல் வருவார், கதவருகே அமர்வார், மடியில் தடித்த நோட்டு ஒன்றை விரித்துக்கொள்வார். அந்த நோட்டில்தான் அவர் வாழ்வின் குறை இருந்தது. அவர் இந்த ஊரிலேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவர். வீட்டில் பேசியது தமிழ். கையில் வந்த எழுத்து கன்னடம். ஆகையால் நாங்கள் பாடப்பாடக் காதால் கேட்டு அத்தனை பதிகங்களையும் கன்னட எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ழகரத்துக்கு அங்கே எழுத்துக் கிடைக்காமல், அது வருமிடமெல்லாம் ஆறு மூலையுள்ள நட்டு ஒன்றைப் படமாக வரைந்திருந்தார். நட்டைக் கண்டால் நாக்கை மடிக்க வேண்டும் என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட இலக்கணம். பக்தி கனிந்த பாடல்களில் ஒரு பக்கத்துக்கு முப்பது நட்டு தேறும்.

‘காதால வாங்கிட்டேன், ஐயா. கண்ணால இன்னும் வாங்கல’ என்பார். தமிழ் எழுத்தைத் தம் கண்ணால் படித்துப் பாட வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பற்று விடுதல் குறித்து நான் நாற்பது நிமிடம் பேசினேன். அன்று நாவில் யாரோ வந்து அமர்ந்திருக்க வேண்டும். ‘கூட்டை விட்டுப் பறக்கும் பறவை எதைச் சுமந்துகொண்டு போகிறது?’ என்று கேட்டு நான் முடித்தபோது, எதற்கும் கலங்காத பூக்கடை ரத்தினம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெருமிதத்தோடு எழுந்து வாசலுக்கு வந்தேன். என் குடையைக் காணவில்லை. அதன்பின் நான் எழுப்பிய ஓசையையும், அடியார்கள் அத்தனை பேரையும் எழுந்து நிற்கச் செய்து பாய்களைப் புரட்டியதையும் விரித்துரைக்க விரும்பவில்லை. குடை என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அன்று கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் குடையை நினைவில் வைத்துக்கொண்டார்கள். பேச்சை நினைவில் வைத்துக்கொண்டவர் ஒருவர்தான்.

அடுத்த வாரமே ஸ்டோர்ஸ் ஒரு காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியையும் தாண்டி ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய பாடசாலை. தமிழ் எழுத்தில் தொடங்கிப் பண்ணோடு ஓதுவது வரை ஈராண்டுப் படிப்பு. அங்கேயே தங்க வேண்டும். மற்ற மாணவர்கள் இருபது வயதினர். இவருக்கு அறுபத்தொன்று. பாடசாலைச் செயலாளர் தயங்கியிருக்கிறார். இவர் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கி, ஒருவரைக்கொண்டு படிக்கச் செய்து, வயது உச்சவரம்பு எந்தப் பக்கத்திலும் இல்லை என்று நிறுவி இடம் பெற்றுவிட்டார். நிபந்தனை இரண்டு. ஒரு ட்ரங்குப் பெட்டிக்குமேல் எதுவும் கொண்டுவரக் கூடாது. ஜூன் மாத முதல் திங்கட்கிழமை காலை வழிபாட்டு மணி அடிக்குமுன் வந்து சேர வேண்டும். தவறினால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த மாணவருக்கு. மறு சேர்க்கை இரண்டு ஆண்டு கழித்துத்தான்.

முப்பது ஆண்டு குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாக உரிமையாளர் அம்மையாரிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். அதே திங்கட்கிழமை விடியலில் சாவி; அன்று பகலில் வேறொரு குடும்பம் பால் காய்ச்சும்; வீடு பெருக்கித் துடைத்து வெறுமையாக இருக்கும். ஸ்டோர்ஸ் வாக்குத் தவறியதாக வரலாறு கிடையாது. ஆகவே, வீடு காலியானால் பாடசாலை, இல்லையேல் இல்லை.

‘மூணு மாசம் இருக்கு. எல்லாத்தையும் குடுத்துடறேன், ஐயா. ஒரு ஸ்டூடண்டுக்கு என்ன வேணும்? ஒரு தட்டு, ஒரு டம்ளர், ரெண்டு வேட்டி’ என்றார். என் பேச்சு ஒரு மனிதரைத் துறவுநெறியில் செலுத்திவிட்டதே என்று நெஞ்சு நெகிழ்ந்தேன். அந்த விதி அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

முதல் கொடை ரத்தினம்மாவுக்கு. பூ வாடாமல் இருக்கட்டுமென்று தம் ஃப்ரிட்ஜைக் கொடுக்க முன்வந்தார் ஸ்டோர்ஸ். ரத்தினம்மா இரண்டு ஆள்களோடு தள்ளுவண்டி கொண்டுவந்தார். ஸ்டோர்ஸ் வாசலிலேயே கையை நீட்டி நின்றார்.

‘பழசு எங்க?’

‘இன்னா பழசு?’

‘இப்ப பூ எதுல வெக்கற?’

‘தெர்மாகோல் பொட்டில.’

‘அத்தக் குடுத்தாதான் இது.’

‘பூ வெக்க ஃப்ரிட்ஜு குடுக்கறியா, எனக்குப் பரீட்ச வெக்கறியா ஸ்டோர்ஸு?’

இருந்தும் பெட்டி வந்தது. ஓட்டை விழுந்த அந்தப் பெட்டியை ஸ்டோர்ஸ் பயபக்தியோடு பெற்று, சீட்டெழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜ் நின்ற மூலையில் வைத்தார். அன்று மாலை நான் பக்குவமாக விதியைத் தளர்த்தச் சொன்னேன். அவர் முகம் வெளிறியது.

‘பழசு வாங்காம குடுத்தா அது இழப்பு, ஐயா. கணக்குப் புத்தகத்துல இழப்புன்னு ஒரு பத்தி இருக்கு. முப்பத்தினாலு வருஷத்துல நான் அந்தப் பத்தில ஒரு எழுத்துகூட எழுதினதில்ல.’

உலகைத் துறக்க ஆயத்தமாக இருந்த மனிதருக்கு அந்தப் பத்தியைத் துறக்க மனமில்லை.

பங்குனிக்குள் தெரு முழுவதும் செய்தி பரவியது. கட்டில் ஒன்று போனது. கால் ஒடிந்த கட்டில் ஒன்று வந்தது. மேசை போய், மேசையாக ஒருகாலத்தில் இருந்த பலகைகள் வந்தன. உண்மையை மறைப்பது எனக்கு அழகன்று: நானும் போனேன். அவருடைய மேசை விசிறி நல்ல விசிறி, ஓசையே இராது. அதைப் பெற்றுக்கொண்டு, ஐந்தாண்டுகளாக வாய் திறக்காமலிருந்த என் ரேடியோவை ஒப்படைத்தேன். என் மனைவி அவருடைய கிரைண்டரை எடுத்துக்கொண்டு எங்கள் பழைய கிரைண்டரின் கல்லைக் கொடுத்தாள். குழவி எங்கே என்று கேட்டாராம். குழவி ஐந்தாறு வீடுகளுக்கு முன்பே தொலைந்துவிட்டது என்று சொல்லி, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

இந்த அளவோடு நின்றிருந்தால் வீடு நிரம்பிய நிலையிலேனும் நின்றிருக்கும். செய்தி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு எட்டியது. அங்கே பி.ஜி. விடுதிகளில் தங்கியிருக்கும் மென்பொருள் இளைஞர்களுக்கு ஒரு பெருங்கவலை உண்டு. செத்துப்போன மின்பொருளை எங்கே போடுவது? குப்பை வண்டி எடுக்காது. விடுதி அறையில் வைக்க இடமிராது. பழைய பொருளை மரியாதையோடு ஏற்று, சீட்டும் எழுதிக்கொடுத்து, பதிலுக்கு ஒரு பொருளும் தரும் மகான் ஒருவர் அடுகோடியில் எழுந்தருளியிருக்கிறார் என்று கேள்வியுற்றதும் கம்பெனி கார்களிலேயே வந்து இறங்கினார்கள்.

ஸ்டோர்ஸின் விதியில் ஓர் ஓட்டை இருந்தது. படித்த பிள்ளைகள் அதை ஒரே நாளில் கண்டுபிடித்தார்கள். ஒரு வகைக்கு அதே வகை கொடுத்தால் போதும். சமையலறை என்பது ஒரே வகை. ஆகவே ஒரு பெண் ஒரேயொரு கரண்டியை எடுத்துக்கொண்டு மைக்ரோவேவ் அடுப்பொன்றை விட்டுச் சென்றாள். ஒருவன் தேநீர் வடிகட்டியைப் பெற்று வாஷிங் மெஷினைக் கொடுத்தான். அது எப்படிச் சமையலறைப் பொருளாகும் என்று ஸ்டோர்ஸ் கேட்டிருக்கிறார். தன் அறையில் அது அடுப்பங்கரையில்தான் நின்றது என்று புகைப்படம் காட்டியிருக்கிறான். சான்று கண்டபின் ஸ்டோர்ஸ் மறுபேச்சுப் பேசுகிறவர் அல்லர். ஒரு மாலையில் அவர் உடற்பயிற்சிக்கு வைத்திருந்த தாண்டுகயிற்றைத் துறந்தார். இரவுக்குள் மூன்று ட்ரெட்மில்கள் வந்து சேர்ந்தன. கயிற்றை மூன்று துண்டாக வெட்டிக் கொடுத்தாராம்.

வைகாசியில் நான் அவர் வீட்டுக்குள் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. கூடத்தில் பதினோரு மிக்ஸிகள் வரிசையாக நின்றன. எதற்கும் ஜார் இல்லை. சக்கரமிழந்த அலுவலக நாற்காலிகள் ஒன்றன்மேலொன்றாகக் கூரையை எட்டின. கைப்பிடியற்ற குக்கர்கள் கோபுரமாக எழுந்திருந்தன. தமக்குரிய பொருள் என்று அவரிடம் எஞ்சியிருந்தவை ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு வேட்டி, அந்த நோட்டு. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அவற்றை வைத்துக்கொண்டு நிற்கத்தான் இடமில்லை. ட்ரெட்மில்லின்மேல் படுத்து உறங்கினார். அவற்றில் ஒன்று முழுமையாகச் சாகவில்லை. ஏறி நடந்தால் அசையாது; விடியற்காலையில் அவரை மெல்லச் சமையலறைப் பக்கம் நகர்த்திவிடும் என்று சொன்னார். அவர் மிகைபடப் பேசுகிறவர் அல்லர்.

சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருந்தபோது கோயில் வாசலில் அவரைக் கண்டேன். கையில் பாடசாலைக் கடிதம். அதை ஒருவர் படித்துக்காட்டக் கேட்டுவிட்டு நின்றிருந்தார்.

‘சீட்ட விட்டுடலாம்னு பாக்கறேன், ஐயா. பின்னால இருக்கற பையனாவது படிக்கட்டும்.’

‘அத்தனையும் தூக்கி எறியுங்க, ஸ்டோர்ஸ். எல்லாம் குப்பைதானே?’

‘ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கினது. வாங்கினத எப்பிடி எறியறது?’

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நட்டுப் படம் போட்டு நாக்கை மடித்த அறுபத்தொரு வயது மாணவர், உயிரற்ற மிக்ஸிகளின்பொருட்டு எழுத்தை இழக்கப்போகிறார். கடைசியில் ஏதேனும் கேட்க வேண்டுமே என்று, தொழிற்சாலையில் இப்படிச் சேர்ந்த பழசையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

‘அதுக்குக் கண்டம் கமிட்டி உண்டு. மூணு பேர். ஒரு தலைவரு, பொருள உபயோகிக்கற ஆளு ஒருத்தரு, தொழில் தெரிஞ்சவரு ஒருத்தரு. மூணு பேரும் பாத்து, இது இனிமே ஆவாதுன்னு கண்டம் பண்ணிட்டா வெளிய போயிடும். இழப்புல வராது.’ சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கோயில் மணி அடித்தது. நான் சேர்த்துச் சொல்லவில்லை, உண்மையாகவே அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கமிட்டி கூடியது. தலைவர் நான். பொருளை உபயோகிப்பவர் ரத்தினம்மா. தொழில் தெரிந்தவராகச் சிவாஜிநகரிலிருந்து குஜிரி பாய் வந்தார். பழைய இரும்புக் கடையை எங்கள் ஊரில் குஜிரி என்பார்கள். அந்தக் கடைக்காரருக்கு வேறு பெயர் எதற்கு? டெம்போவும் கொண்டுவந்திருந்தார். அதைக் கண்டதும் ஸ்டோர்ஸ் எழுந்து நின்று ஆட்சேபித்தார்.

‘எடுத்துட்டுப் போறவரே கமிட்டில இருக்கக் கூடாது.’

‘அரே ஸ்டோர்ஸ் பாய், அப்ப நான் போய்க்கறேன். நீங்களே எல்லாத்தையும் கட்டிப் பிடிச்சுனு தூங்குங்க.’

ரத்தினம்மா தீர்ப்புச் சொன்னார். பாய் ஒவ்வொரு பொருளையும் சோதித்துக் கருத்துச் சொல்ல வேண்டியது. வாக்களிக்கும்போது வாசலுக்குப் போய்விட வேண்டியது. முடிந்தபின் திரும்பி வர வேண்டியது. அதன்படி அந்தப் பெரியவர் அன்று காலை மட்டும் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்த நடையை நேர்க்கோட்டில் நடந்திருந்தால் ஓசூரை அடைந்திருப்பார்.

ஸ்டோர்ஸ் பட்டியலைப் படித்தார். ‘ஐட்டம் ஒண்ணு. மிக்ஸி. ஜார் இல்ல, மோட்டார் இல்ல. மூடி இருக்கு.’

‘மூடி மட்டும் மாவு அரைக்குமா? கண்டம்’ என்றார் ரத்தினம்மா.

‘கண்டம்’ என்றேன் நான்.

இரண்டாவது பொருள் ரத்தினம்மாவின் தெர்மாகோல் பெட்டியே. அதை மட்டும் அவர் திறந்து முகர்ந்து பார்த்தார். அதில் அவர் பன்னிரண்டு ஆண்டு மல்லிகை வைத்திருந்தார். பிறகு அதற்கும் கண்டம் சொன்னார்.

நாற்பதாவது பொருளுக்குமேல் எங்களை அறியாமல் ஒன்று நிகழ்ந்தது. ஸ்டோர்ஸ் படிக்கும் குரல் ஒரே சுருதியில் நின்றது. ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து ஓதிய பழக்கமாயிற்றே! அவர் ஓர் அடி எடுத்துக்கொடுக்க, நாங்கள் ‘கண்டம்’ என்று ஒரே குரலில் முடித்தோம். குக்கர்களுக்கு வந்தபோது தாளமும் சேர்ந்துகொண்டது. வாக்குரிமையில்லாத பாய் வாசலிலிருந்து டெம்போவின் பக்கவாட்டைத் தட்டினார். தெருவில் போன ஒரு தம்பதியர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கைகூப்பி நின்றார்கள். எந்தச் சாமிக்கு என்று கன்னடத்தில் கேட்டார்கள். வாஷிங் மெஷினைக் காட்ட மனமில்லாமல் நான் வானத்தைக் காட்டினேன். ரத்தினம்மா இருவருக்கும் இரண்டு முழம் பூக் கொடுத்தனுப்பினார்.

டெம்போ மூன்று முறை போய் வந்தது. மாலையில் தரை தெரிந்தது. அப்போதுதான் என் ரேடியோ வந்தது.

‘ஐட்டம் கடைசி. ரேடியோ. பேசறதில்ல’ என்றார் ஸ்டோர்ஸ், என் முகத்தைப் பார்க்காமல்.

பாய் அதைத் தூக்கினார், குலுக்கினார், பின்புறம் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஐந்தாண்டு மௌனம் கலைந்து அது கன்னடத்தில் வானிலை அறிக்கை வாசிக்கத் தொடங்கியது. வேலை செய்யும் பொருளைக் கண்டம் செய்ய எந்தக் கமிட்டிக்கும் அதிகாரமில்லை. அதை யாருக்கேனும் கொடுக்கலாம் என்றால் அவரிடமிருந்து ஒரு பழசு வரும், அந்தப் பழசு வீட்டில் இருக்கும், விடிந்தால் திங்கள். நால்வரும் அந்த ரேடியோவைச் சுற்றி அமர்ந்து, நாளை மழை வருமென்று அது சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ரத்தினம்மா எழுந்தார். தலையிலிருந்த பூச்சரத்தை உருவி ஸ்டோர்ஸின் கையில் வைத்தார்.

‘நேத்துப் பூவு. பழசு. எழுதிக்க.’

ஸ்டோர்ஸ் அதைப் புரட்டிப் பார்த்தார்.

‘ரேடியோ எந்த வகை, பூ எந்த வகை?’

‘காலைல கோயில்ல ரெண்டும்தான் இருக்கு. கோயில் வகை. எழுதுய்யா.’

எழுதினார்; ரேடியோவை ரத்தினம்மாவிடம் ஒப்படைத்தார். சரத்தை முற்றத்துத் துளசித் தொட்டியில் இட்டார். வீடு காலியாயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகளில் யாருக்கும் தோன்றாத வழி ஒரு பூக்காரருக்குத் தோன்றியதே என்று நான் வியந்தேன். மூன்று மாதமும் எல்லாரும் வாடிய பூவாகக் கொடுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

மறுநாள் விடியற்காலையில் ட்ரங்குப் பெட்டியும் தாமுமாக ஸ்டோர்ஸ் ஓசூர் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். சாவி உரிமையாளர் அம்மையாரிடம் போய்விட்டது. வழியனுப்ப நான் சென்றிருந்தேன். வழியில் கோயிலுக்குப் போவதற்காக என் பதிகப் புத்தகம் தோள்பையில் இருந்தது. வானிலை அறிக்கையை மதித்துக் குடையும் இருந்தது. பேருந்து வருமுன் ஸ்டோர்ஸ் வேட்டி மடிப்பிலிருந்து நோட்டை எடுத்தார்.

‘இத அங்க கொண்டாறக் கூடாதாம், ஐயா. இது கையில இருந்தா தமிழ் எழுத்து வராதாம். வாத்தியார் சொல்லிட்டாரு. நீங்க எடுத்துக்கங்க.’

கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. மற்றொரு கையை என்னிடம் நீட்டியபடி நின்றார். விதி அடுகோடியைக் கடந்து ஓசூர் சாலைக்கும் வந்துவிட்டது.

அதே வகையில் ஒரு பழசு. என் பையில் ஒன்றுதான் இருந்தது. நாற்பத்தாறு ஆண்டுகளாக என்னோடு இருந்த தமிழ்ப் புத்தகம் அது. முதுகு இரண்டு முறை தைக்கப்பட்டது. விளக்கெண்ணெய்க் கறை எந்தப் பாடலில், குங்குமம் எந்தப் பாடலில் என்று கண்ணை மூடிச் சொல்வேன். என் திருமணத்துக்கு முந்திய நாள் அதில் ஓர் ஓரத்தில் நான் எழுதிய சிறு வேண்டுதல் இன்னும் அழியாமல் இருக்கிறது. கூட்டை விட்டுப் பறக்கும் பறவையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியவன் நான். பையின் வாயை இறுகப் பற்றிக்கொண்டு, ‘குடையைக் கொடுக்கட்டுமா?’ என்று கேட்டேன்.

‘குடை வேற வகை, ஐயா.’

பேருந்து தொலைவில் தெரிந்தது. தமிழ் எழுத்தைக் கண்ணால் வாங்கப் போகும் மாணவரின் பெட்டியில் ஒரு தமிழ்ப் புத்தகமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நோட்டை என் கையில் வைத்தார். சட்டைப் பையில் சீட்டுப் புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட நான் பேனாவைத் தேடினேன்.

‘இதுக்குச் சீட்டு வேணாம், ஐயா’ என்றார் ஸ்டோர்ஸ்.

சோப்பின் மணத்துக்குச் சீட்டெழுதிய மனிதர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். மணி அடிக்குமுன்பே போய்ச் சேர்ந்ததாகவும், முதல் நாளே விடுதியின் துடைப்பம் வழங்கும் முறை சரியில்லை என்று செயலாளரிடம் தெரிவித்ததாகவும் பின்னர் அறிந்தேன்.

ஐம்பது ஆண்டாக இந்த ஊரில் இருக்கிறேன். காய்கறி வாங்கும் அளவுக்குக் கன்னடம் பேசுவேன். ஓர் எழுத்தும் படித்ததில்லை. எழுபத்திரண்டாம் வயதில் பேருந்துப் பலகைகளையும் கடைப் பலகைகளையும் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, அந்த நோட்டை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் பிடிபட்டது ஆறு மூலை நட்டுதான். அதைக் கண்டால் மட்டும் தடுக்காமல் ஓடுகிறேன். முதல் பக்கத்தின் மேற்புறத்தில் அவருடைய இயற்பெயர் இருக்கிறது. இப்போது அதையும் என்னால் படிக்க முடியும். படிக்காமலே பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன். எனக்கு அவர் ஸ்டோர்ஸ்.

படிப்பு முடிந்து அடுத்த ஆண்டு அவர் அடுகோடிக்கு வருவார். வந்தால் நோட்டைக் கேட்பார். பழையதைக் கொடுத்தால்தான் தருவேன் என்று விதியைச் சொல்லலாமென்று இருக்கிறேன். ஆனால் அவர் என் புத்தகத்தைக் கையிலேயே கொண்டுவந்து நீட்டிவிட்டால் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கொடுத்தாலும் நான் அந்த நோட்டைத் தருவதாக இல்லை.